மறு: குறைமாதப் பிள்ளை வாயில தடவுற பாலுக்கு என்ன பேரு?

வணக்கம் ஐயா, அக்கா,

குறைமாதப் பிள்ளை மருத்துவத்துல வர்ற சொல்லுக்கெல்லாம் நாம தமிழ்ப் பேர் வச்சுப் போடுற பட்டியல்ல, பிள்ளை வாயில தாய்ப்பாலைத் துளியா தடவுறதுக்கு "வாய்வழி தாய்ப்பால் ஊட்டம்"னு ஐயா வச்ச சொல் எனக்கு ஒத்துவரல. 28, 30 வாரத்துல பொறந்த பிள்ளைக்கு உறிஞ்சுறது, முழுங்குறது, மூச்சு விடுறது மூணும் ஒண்ணா கூடிவர, கர்ப்பக் கணக்குல ஏறக்குறைய 34 வாரம் ஆகணும், அதுவரைக்கும் பால் டியூப் வழியா நேரா வயித்துக்குப் போயிடுது, வாய் சும்மாவே கிடக்கு. அந்த வாய்க்குத்தான் சிரிஞ்சுல இந்தக் கன்னத்துக்குள்ள 0.1 மில்லி, அந்தக் கன்னத்துக்குள்ள 0.1 மில்லின்னு சீம்பாலை விடுறாங்க, இல்ல பஞ்சுக்குச்சியில தொட்டுத் தடவுறாங்க, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா. வென்டிலேட்டர்ல இருக்குற பிள்ளைக்கும் செய்யலாம். இதைப் போயி ஊட்டம்னு எழுதினா "எம்புள்ளைக்கு இவ்ளோதான் சாப்பாடா"ன்னு அம்மா பதறிடுவாங்க.

அக்கா சொன்ன "சீம்பால் சேனை" நம்ம மண்ணுச் சொல் (சேனைன்னா பொறந்த பிள்ளை நாக்குல மொதமொதல்ல இனிப்பு தொட்டு வைக்கிறது), எனக்கும் ஆசைதான். ஆனா சர்க்கரைத் தண்ணி, தேன்னு சேனை வைக்காதீங்கன்னு கிராம நர்சுங்க வீடு வீடா சொல்லிட்டு வர்றாங்க, தேன்ல பொட்டுலிசம் கிருமி இருக்கலாம்ங்கிறதால பச்சப்புள்ளைக்கு அது ஆபத்து. அதே பேரை நாமளே ஐசியூவுக்குள்ள கொண்டுபோனா அவங்க பாடு வீணாயிடும்.

நான் வைக்கிறது "தொடுபால்". தொடுகறி, தொடுதிரை மாதிரி வினைத்தொகை, சொல்லவும் சுளுவு. சீம்பால்ங்கிறது மொத சில நாளோட முடிஞ்சிடும், அதுக்கப்புறம் வர்ற பாலைத் தடவினாலும் இந்தப் பேர் பொருந்தும். (யாரோ "சீம்பால் பூசல்"னு போட்டிருந்தாங்க, பூசல்னா சண்டைங்க!)

அடுத்தது இந்தப் பிள்ளைங்களோட ஸ்ட்ரெஸ். பட்டியல்ல "மன அழுத்தம்"னு இருக்கு, தயவுசெஞ்சு மாத்துங்க. வயித்துக்குள்ள இருந்தவரைக்கும் பனிக்குட நீரைச் சுவைச்சு முழுங்கிட்டு இருந்த பிள்ளை அது, வெளிய வந்ததும் அந்த வாய்க்குக் கிடைக்கிறது டியூப்பு, பிளாஸ்திரி, சளி உறிஞ்சுற குழாய், கூடவே குதிகால்ல ஊசிக்குத்து. இதயத்துடிப்பு எகிறுது, ஆக்சிஜன் இறங்குது, விரலெல்லாம் விரியுது. உடம்பே பதறுது, அதனால "உடற்பதற்றம்"னு வைக்கலாம்னு நினைக்கிறேன். அம்மா பாலோட வாசமும் ருசியும் அதைத் தணிக்குமான்னு பார்க்கத்தான் ஆய்வு பண்றவங்க எச்சில்ல இருக்குற கார்டிசாலை, அதாவது ஸ்ட்ரெஸ்ல கூடுற ஹார்மோனை, அளக்குறாங்க.

விளக்கக் குறிப்புல ஒண்ணு மட்டும் கவனமா இருக்கணும். "குடல் அழுகலைத் தடுக்கும்"னு (குறைமாதப் பிள்ளைங்களுக்கு வர்ற ஆபத்தான குடல் நோய் அது) எழுதாதீங்க. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசுற காக்ரேன் அமைப்போட 2018 தொகுப்புல, சீம்பால் தடவின பிள்ளைங்க முழு அளவு பாலுக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்தாங்கன்னு இருக்கு, குடல் அழுகலோ கிருமித்தொற்றோ குறைஞ்சதுக்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கல. நான் எழுதிப் பார்த்தது இது:

தொடுபால்: டியூப் வழியா பால் குடிக்கிற குறைமாதக் குழந்தையின் உள்கன்னத்தில், முழுங்க வேண்டாத அளவு சிறு துளியாகத் தாய்ப்பாலை வைத்தல்.

தாய்ப்பால் வங்கியிலேர்ந்து சூடுபடுத்தி வர்ற பாலையும் இதுல சேர்க்கலாமான்னு அக்கா சொல்லுங்க. சூடுபடுத்தும்போது நோய் எதிர்ப்புச் சத்துல கொஞ்சம் போயிடுது, அதனால அதுக்குத் தனிப்பேர் வேணும்னு எனக்குப் படுது.