மண்டபத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறீர்களா?

கீரைக்கட்டு:
மதுக்கடை வேண்டாம் என்று பெண்கள் ஓரமாக உட்கார்ந்தோம். மனு முன்னாடியே கொடுத்தாயிற்று. காவல் சட்டம் 30(2) போட்டு, அனுமதி இல்லை என்று முந்தின நாள் ராத்திரி தாள் வந்தது. அப்புறம் வழக்கம்போல வேன், கல்யாண மண்டபம், எலுமிச்சை சோறு. மேடையில் யாரோ ஒரு ஜோடியின் பெயர் தெர்மாகோலில் அப்படியே இருந்தது. பெண் போலீஸ் ஒருவர் என் பேனாவையே வாங்கி என் பெயர், அப்பா பெயர், செல் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டு, "கையெழுத்துப் போடுங்கக்கா, சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். போட்டேன். சொன்னபடி விட்டார்கள். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தபோதுதான் என்மேல் வழக்கு இருப்பதே தெரிந்தது. பேனாவும் திரும்பி வரவில்லை.

நிழற்குடை:
அம்மாவை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போன ஆட்டோ மறியலில் மாட்டியது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார். புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் பிரிவு 172 வந்தது நல்லதுதான். போலீஸ் சொல்லை மதிக்காதவரைப் பிடித்து வைக்கலாம், சின்ன விஷயமென்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம். இதில் என்ன கொடுமை?

மேட்டுத்தெரு:
நிழற்குடை, அவர் ஓரமாக உட்கார்ந்தேன் என்கிறார், நீங்கள் மறியலுக்குப் போகிறீர்கள். தூத்துக்குடியில் 2018 மே 22 அன்றும் 144 தடை இருந்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் போனார்கள். போலீசுக்கு அதிகாரம் போதாமலா?

பழைய கறுப்புக்கோட்டு:
கீரைக்கட்டு, முதலில் எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். பழைய இ.பி.கோ. 188 பிரிவு (அரசு அதிகாரியின் உத்தரவை மீறுதல்) இருந்தால், ஜீவானந்தம் வழக்கில் 2018 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைப் படியுங்கள். அந்தப் பிரிவில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அதிகாரி எழுத்தில் மாஜிஸ்திரேட்டிடம் புகார் தர வேண்டும். 30(2) ஊர்வலத்தை ஒழுங்குபடுத்தத்தான், அடியோடு தடுக்க அல்ல. இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தில் 188 என்பது 223. வழக்கை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் போடும் மனு, முன்பு பழைய நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 482, இப்போது பி.என்.எஸ்.எஸ். 528. இனிமேல் மனுவுக்கு ரசீது வாங்காமல் நகராதீர்கள். சென்னை என்றால் சென்னை மாநகரக் காவல் சட்டம் பிரிவு 41, ஐந்து நாள் முன்னாடியே கொடுங்கள். மறுப்பையும் எழுத்திலேயே கேளுங்கள். என் அனுபவமா? ஜூனியராக இருந்தபோது மண்டபத்தில் இருந்தவர்களைப் பார்க்கப் போனேன், தலை எண்ணும்போது என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

கீரைக்கட்டு:
ஐயா, வழக்கு போன வருஷமே ரத்தாகிவிட்டது. வேறு யாராவது இப்படிக் கையெழுத்துப் போட்டீர்களா என்றுதான் கேட்டேன். உங்களையும் கையெழுத்துப் போடச் சொன்னார்களா?