வங்கி இ-ஏலத்தில் ஃபிளாட்: எதுவரை கேட்கலாம்?

தாம்பரத்தான்:
வங்கிகள் சொத்துகளை ஏலம் விடும் பாங்க்நெட் தளத்தில் தாம்பரம் பக்கம் 850 சதுர அடி ஃபிளாட் ஒன்று, வாராக்கடனுக்கு அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி ஏலத்துக்கு வந்திருக்கிறது. ரிசர்வ் விலை (ஏலத்தின் குறைந்தபட்ச விலை) ₹38 லட்சம், இ.எம்.டி (ஏலத்தில் சேர முன்கூட்டியே கட்டும் வைப்புத் தொகை) ₹3.8 லட்சம், ஒவ்வொரு கேள்விக்கும், அதாவது ஒவ்வொரு முறை விலை கேட்கும்போதும், ₹25,000 ஏற்ற வேண்டும். அதே தெருவில் இதே அளவு ஃபிளாட் 56 லட்சம் சொல்கிறார்கள். அறிவிப்பில் ‘சிம்பாலிக் பொசஷன்’ என்று இருக்கிறது. எதுவரை கேட்கலாம்? கடைசி நிமிடத்தில் நுழைந்தால் குறைவாக முடியுமா?

நிலப்பத்திரம்:
விலை இறங்கிக் கிடப்பதற்கு அந்த ‘சிம்பாலிக்’தான் காரணம். அதாவது பேருக்குத்தான் வங்கியின் கைவசம்: கதவில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று, சாவி வங்கியிடம் இல்லை. சர்ஃபேசி சட்டத்தின் 14-ஆம் பிரிவில் வங்கி மாஜிஸ்திரேட்டிடமோ கலெக்டரிடமோ உத்தரவு வாங்கித்தான் ஆளைக் காலி செய்ய முடியும். சட்டத்தில் 60 நாள் என்றிருந்தாலும் நடப்பில் மாதக்கணக்கில் இழுக்கும். உள்ளே இருப்பவர் கடன் வாங்கியவரா, வாடகைக்காரரா என்று முதலில் விசாரியுங்கள். அடமானத்துக்கு முந்தைய பதிவான வாடகை ஒப்பந்தம் இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது.

வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். ‘வங்கிக்குத் தெரிந்தவரை வில்லங்கம் இல்லை’ என்ற வரி உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. கடன் வாங்கியவர் பெயரைப் போட்டுக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தின் தளத்தில் வழக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். வங்கியின் நடவடிக்கையை எதிர்த்து 17-ஆம் பிரிவில் அவர் 45 நாளுக்குள் அங்கே மனு போடலாம். தடை வந்தால் உங்கள் பணம் உள்ளே நிற்கும்.

சொத்து வரி, பராமரிப்புப் பாக்கி, மின் கட்டணம் எல்லாம் ‘உள்ளது உள்ளபடி’ என்ற ஒரே வரியில் உங்கள் தலையில் வந்துவிடும். இப்படி ஏலத்தில் எடுத்தவரிடம் பழைய மின் பாக்கியைக் கேட்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மின் இணைப்பு எண்ணை வாங்கிப் பாக்கியைப் பார்த்துவிடுங்கள்.

கொங்கு ஏலம்:
கணக்குக்கு வருவோம். 56 என்பது விளம்பர விலை. பத்திரத்தில் பதிவாகும் விலை இன்னும் குறைவாக இருக்கும் என்று 10 சதவீதம், அதாவது 5.6 லட்சம் தள்ளுங்கள். முத்திரை, பதிவுச் செலவுக்கு 4, பாக்கி, பழுது வேலைக்கு 3, வக்கீலுக்கு 1. காலி செய்ய ஒரு வருடம் ஆனால் போட்ட பணத்துக்கு 9 சதவீத வட்டி சுமார் 3.5. மொத்தம் 17.1 லட்சம். மிச்சம் ₹38.9 லட்சம், அதுதான் உங்கள் எல்லை. ரிசர்வ் விலைக்கு மேல் மூன்று கேள்வி மட்டும். இதே ஃபிளாட் சாவியோடு வந்திருந்தால் வக்கீலும் வட்டியும் போய், 43.4 வரை தாங்கும்.

கடைசி நிமிட வித்தை இங்கே செல்லாது. முடியும் நேரத்தில் யாராவது கேட்டால் ஏலம் தானாக 5 அல்லது 10 நிமிடம் நீளும். எத்தனை நிமிடம் என்பது அறிவிப்பில் இருக்கும். எல்லையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். ‘இன்னும் 25,000தானே’ என்று ஏறி ஏறித்தான் பலர் மாட்டுகிறார்கள்.

அவசரம் இல்லையென்றால் முதல் சுற்றை வேடிக்கை பாருங்கள். யாரும் கேட்காவிட்டால் மறு ஏலத்தில் ரிசர்வ் விலையைக் குறைப்பது வழக்கம். அதற்கு 15 நாள் அறிவிப்பு போதும் என்பதால் தளத்தை வாராவாரம் பாருங்கள்.

தாம்பரத்தான்:
நன்றி சார். வீட்டுக் கடன் வாங்கிக் கட்டலாமா?

வங்கி மேசை:
கட்டலாம், ஆனால் நாள் கணக்கு இறுக்கமானது. 38.5 லட்சத்துக்கு உங்களுக்கு விழுந்தால் 25 சதவீதம் ₹9.625 லட்சம். இ.எம்.டி போக ₹5.825 லட்சத்தை அன்றே, தவறினால் மறு வேலைநாளுக்குள் கட்ட வேண்டும். அது கைப்பணமாக இருக்கட்டும். மீதி ₹28.875 லட்சம், விற்பனை உறுதியான 15 நாளில். வங்கி எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டால் மட்டுமே 3 மாதம் வரை நீளும். தவறினால் கட்டியது அத்தனையும் பறிமுதல். சிம்பாலிக் சொத்துக்குப் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும். ஆகவே ஏலம் விடும் வங்கிக் கிளையிலேயே கடனுக்கு முன் ஒப்புதல் கேளுங்கள். கடிதம் கைக்கு வந்த பிறகு இ.எம்.டி கட்டுங்கள்.