புதுப்பிப்பு: அத்தான்ர நாற்பது கலிபர் கதை

போனமுறை எழுதினது ஞாபகமோ? டெக்சாசில இருக்கிற அத்தான், தன்ர .40 பிஸ்டலை (கலிபர் எண்டால் ரவையின்ர குறுக்களவு; .40 அங்குலத்தில) வித்துப்போட்டு 9 மில்லிமீட்டருக்கு மாறட்டோ எண்டு கேட்டவர். நானும் கொக்குவிலில இருந்துகொண்டு, "அது பழசு, மாத்துங்கோ அத்தான்" எண்டு பெரிய ஆள் மாதிரிச் சொல்லிப்போட்டன்.

அதை வாசிச்ச ஒருத்தர் மடக்கினார்: எது பழசு? 9 மி.மீ. வந்தது 1902இல, .40 வந்தது 1990இல! உண்மைதான். வயசு போகேல்லை, மவுசுதான் போச்சு. 1986இல மயாமியில கொள்ளைக்காரரோட நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு, அமெரிக்கப் புலனாய்வுத்துறை எஃப்பிஐ 10 மி.மீ. ரவைக்குப் போனது. சுடேக்க அதின்ர பின்னுதை கூடிப்போக, கட்டையாக்கினதுதான் இந்த .40. பிறகு 9 மி.மீ. ரவையள் நல்லாத் திருந்த, எஃப்பிஐக்காரரே 9க்குத் திரும்பியிட்டினம்.

ஞாயிறு அத்தான் வீடியோவில இலக்குத்தாளைக் காட்டினார். 9இன்ர ஓட்டையள் உள்ளங்கைக்குள்ள அடங்கிச்சுது. .40இல ரெண்டாவது சூடு ஒவ்வொருக்காலும் மேல ஏறியிருந்தது. கிளாக் 17 எண்ட 9 மி.மீ. பிஸ்டலில 17 ரவை, அதேயளவு .40 பிஸ்டல் கிளாக் 22இல 15தான்.

(ரவை ரவையெண்டு கதைக்க, அம்மா குசினிக்குள்ள இருந்து, "உப்புமாவுக்கோ?" எண்டா.)

எண்டாலும் அத்தான் விக்கேல்லை. பிஸ்கட் ரின் நிறைய .40 கிடக்காம், அது முடியட்டுமாம்.