மினி டிவி (MiniDV) கேமரா டேப்பில் கீழ் ஃபீல்டுதான் முதலில்

பள்ளத்தூரான்:
கல்யாண வீடியோவில் ஆள் அசையும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகக் கோடு தெரிந்தால் "பிளெண்ட் போட்டால் போதும், எல்லா டேப்பிலும் மேல் ஃபீல்டுதான் முதலில்" என்று தேவகோட்டையான் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நம்மூர் பால் (PAL) வீடியோ முறையில் நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபீல்டு: முதல் கோட்டிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்று மேல் ஃபீல்டு, மீதிக் கோடுகள் கீழ் ஃபீல்டு. ஆக 50 தனித்தனி நேரங்கள். பிளெண்ட் போட்டால் இரண்டு நேரமும் கலந்து, திருப்பூட்டும்போது (தாலி கட்டும்போது) மாப்பிள்ளை கைக்கு நிழல்கை ஒன்று முளைக்கும். மினி டிவியில் கீழ் ஃபீல்டு முதலில்.

தேவகோட்டையான்:
அண்ணே, கேமராவில் ஏவி வயர் செருகி, கேப்சர் கார்டில் நான் ஏற்றியது அத்தனையும் மேல் ஃபீல்டுதான். பார்த்துத்தான் சொல்கிறேன்.

பள்ளத்தூரான்:
கீழ் ஃபீல்டு! சோனி பிடி 170 கேமராவில் எடுத்த டேப்பை ஃபயர்வயரில் (டிஜிட்டலாகவே கணினிக்கு இறக்கும் கேபிளில்) இறக்கிப் பாருங்கள். கோடு நீக்கும் யாடிஃப் (yadif) ஃபில்டரில் ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேமாக 50 எடுத்து, ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். வரிசை தப்பாக இருந்தால் மணப்பெண் மூன்றடி முன்னே போய் ஓரடி பின்னே வருவாள். கண்ணிருந்தால் தெரியும்.

தேவகோட்டையான்:
கண்ணைப் பற்றிப் பேசவேண்டாம். மேல் ஃபீல்டு.

கண்டனூர்க்காரி:
அண்ணே, எங்கள் அப்பச்சி சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) டேப்பில் ஆத்தங்குடிக் கல் தரையும் ஆச்சி கட்டியிருக்கிற கண்டாங்கிக் கட்டமும் மினுக்மினுக்கென்று துடிக்கின்றன. யாரும் அசையவே இல்லை. அதற்கும் இந்த ஃபீல்டு வரிசைதான் காரணமா?

தேவகோட்டையான்:
ஃபோகஸ் சரியில்லை, அவ்வளவுதான்.

பள்ளத்தூரான்:
ஃபோகஸ் கூர்மையாக இருப்பதால்தானம்மா துடிக்கிறது! மெல்லிய படுக்கைக்கோடு ஒரே ஃபீல்டில் மட்டும் விழுந்தால் அது நொடிக்கு 25 தடவைதான் வரும், அதனால் மினுக்கும். க்யூடிஜிஎம்சி (QTGMC) ஃபில்டர் போட்டால் பெரும்பாலும் அடங்கும், நேரம்தான் பிடிக்கும். அதிலும் வரிசை சரியாகக் கொடுக்கவேண்டும். கீழ் ஃபீல்டு.

கழனிவாசல்:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். 576 கோட்டுப் படத்தை முதலில் 720-க்குப் பெரிதாக்கிவிட்டு அப்புறம் டிஇன்டர்லேஸ் (ஃபீல்டு பிரித்துக் கோடு நீக்குவது) போட்டால் கோடு படத்தோடு ஒட்டிக்கொள்ளும், எந்த ஃபில்டரும் பிரிக்காது. இந்த ஊர்ப்பக்கம் பாதிக் கல்யாணங்கள் இப்படித்தான் பாழாயின.

தேவகோட்டையான்:
எந்தக் கல்யாணம்? போன தை மாதம் நான் முடித்துக்கொடுத்ததைத்தானே குத்திக்காட்டுகிறீர்கள்? அந்த ஆர்டர் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்ற ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

கழனிவாசல்:
விலையைக் குறைத்துக் கெடுத்தது யார் என்று காரைக்குடி முழுக்கத் தெரியும்.

பள்ளத்தூரான்:
அந்தச் சண்டையை அப்புறம் போடுங்கள். தேவகோட்டையாரே, மினி டிவி டேப்பிலிருந்து இறக்கிய கோப்பில் எது முதலில்? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

தேவகோட்டையான்:
மேல். முதலில் என்னிடம் வாங்கிப்போன ஃபயர்வயர் கேபிளைத் திருப்பிக் கொடுங்கள்.

பள்ளத்தூரான்:
கேபிள் நாளைக்கே வரும், அதிலேயே இறக்கிப் பாருங்கள். கீழ்!

கண்டனூர்க்காரி:
நான் எதைப் போடட்டும் அண்ணே?

தேவகோட்டையான்:
மேல்.