'அட்ரஸ் சரியில்லை, 5 ரூபாய் கட்டுங்க'ன்னு மெயில். கார்டு நம்பர் போட்டுட்டேன், இப்ப என்ன செய்யறது?

வாலாஜா அம்மா

நான் வாலாஜாபேட்டை. ஆன்லைன்ல அடிக்கடி வாங்கற ஆள் இல்லை. போன வாரம் மிக்சிக்கு ஜார் ஒன்னு ஆர்டர் போட்டேன், பழைய மாடல், பஜார்ல நாலு கடை ஏறி எறங்கியும் கிடைக்கலை. வியாழக்கிழமை வரும்னு காட்டுச்சு, வரலை. வெள்ளிக்கிழமை காலைல தோசை ஊத்திக்கிட்டே போனைப் பாக்கறேன், அந்த சைட் பேர்லயே மெயில். 'உங்கள் முகவரி முழுமையாக இல்லை, பார்சல் திரும்பிப் போகிறது, 12 மணி நேரத்துக்குள் 5 ரூபாய் கட்டி முகவரியைச் சரி செய்யவும்'னு.

நான் நம்பினதுக்குக் காரணம் இருக்கு. எங்க வீட்டுக்குப் பழைய எண் ஒன்னு, புது எண் ஒன்னு. 2019-ல ஜில்லா பிரிச்சதும் நாங்க ராணிப்பேட்டை மாவட்டம் ஆயிட்டோம், ஆனா அந்த சைட்ல நான் எப்பவோ போட்டு வச்ச அட்ரஸ்ல இன்னும் வேலூர் மாவட்டம்னே இருக்கு. சரி, இதான் தகராறு போலன்னு நெனச்சு லிங்க்கை அமுக்கினேன். அதே லோகோ, அதே கலர். கார்டு நம்பர், தேதி, பின்னாடி இருக்கற மூனு நம்பர் எல்லாம் போட்டேன். ஓடிபி வந்துச்சு. பத்தாவது படிக்கற பையன் பக்கத்துல சாப்பிட்டுட்டு இருந்தவன் எட்டிப் பாத்து, "அம்மா, 5 ரூபாய்க்கு ஏன் 18,499னு வந்திருக்கு?"ன்னான். அப்படியே மூடிட்டேன். ஓடிபி போடலை. பணம் போகலை.

இனிமே கார்டுக்கு எதுவும் ஆகாதா? நான் பார்சலுக்குக் காத்துக்கிட்டு இருக்கறது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? அடுத்த தடவை எதைப் பாத்துக் கண்டுபிடிக்கறது? வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லலை. சொன்னா ஒரு வருஷத்துக்கு அதே பேச்சு.

சத்துவாச்சாரி ஜெராக்ஸ்

முதல்ல கார்டைப் பாருங்கக்கா. மத்ததெல்லாம் அப்புறம் படிங்க.

ஓடிபி போடலைன்னா தப்பிச்சோம்னு விட்டுடாதீங்க. சில வெளிநாட்டு சைட்டுங்கள்ல ஓடிபி இல்லாமலே கார்டுல பணம் எடுக்க முடியும். பேங்க் ஆப்பைத் திறந்து கார்டு செட்டிங்ஸ் போங்க. ஆன்லைனுக்கு ஒரு சுவிட்ச், வெளிநாட்டுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். 2020-ல ரிசர்வ் வங்கி சொல்லி வந்த ஏற்பாடு அது. ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. அப்புறம் கார்டையே பிளாக் பண்ணிப் புதுசு கேளுங்க. பேங்க் நம்பரை கூகுள்ல தேடாதீங்க, அங்கயும் போலி நம்பரைப் போட்டு வச்சிருக்கானுங்க. கார்டுக்குப் பின்னாடியே அச்சடிச்சிருக்கும்.

இப்ப உங்க கேள்வி. அவனுக்கு உங்க ஜாரும் தெரியாது, பார்சலும் தெரியாது. பாலாத்துல தண்ணி வர்ற வருஷம் வலை போடறவனுக்கு எந்த மீன் மாட்டும்னு தெரியுமா? லட்சம் பேருக்கு ஒரே மெயில் போகுது. அதுல பல பேருக்கு அன்னைக்குன்னு ஏதோ ஒரு பார்சல் வரவேண்டி இருக்கும். உங்களுக்கும் இருந்துச்சு, அவ்ளோதான். மெயில்ல உங்க பேரே இருந்தாலும் அது சாட்சி ஆகாது, பேரும் நம்பரும் எங்கெங்கயோ கசிஞ்சு கெடக்கு.

நான் 16 வருஷமா கலெக்டர் ஆபீஸ் பக்கம் கடை வச்சிருக்கேன். மனு டைப் பண்ண வர்றவங்க அப்படியே போனை நீட்டி "தம்பி, இது நெசமா?"ன்னு கேப்பாங்க. ஒரு பெரியவர் பரிசு விழுந்த மெயிலைக் கலர் பிரின்ட் எடுத்து லேமினேஷன் வேற போடச் சொன்னார். முன்னல்லாம் "எழுத்துப் பிழை இருக்கா பாருங்க, இருந்தா போலி"ன்னு சொல்லிட்டு இருந்தேன். இப்ப சொல்றதில்லை. அவனுங்க எழுதற இங்கிலீஷ் நான் டைப் பண்ற மனுவை விட நல்லா இருக்கு.

பாக்க வேண்டியது அனுப்பின அட்ரஸ். மேல தடிமனா தெரியற பேரை யார் வேணா வச்சிக்கலாம், மொய்க் கவர்ல நான் 'கலெக்டர்'னு எழுதிக் குடுத்தா யாரு தடுக்கப் போறா? பேர் பக்கத்துல சின்ன அம்புக்குறி இருக்கும், அதைத் தொட்டா நெச அட்ரஸ் வரும். லிங்க்கா இருந்தா விரலை வச்சு அழுத்திப் புடிங்க, திறக்காமலே எங்க போகுதுன்னு காட்டும். தட்டிடாதீங்க.

அந்த லிங்க்கை இங்கிலீஷ் படிக்கற மாதிரி இடது பக்கத்துல இருந்து படிச்சா ஏமாந்துடுவோம். முதல் ஒத்தைச் சாய்கோடு எங்க இருக்குன்னு பாருங்க, அதுக்கு முன்னாடி கடைசியா இருக்கற துண்டுதான் ஆளோட சொந்த ஊர். 'அமேசான் டாட் இன்'னு அங்க முடிஞ்சா அது அமேசான். 'அமேசான் டாட் டெலிவரி-செக் டாட் டாப்'னு முடிஞ்சா, டெலிவரி-செக்னு எவனோ ஒருத்தன் வீட்டுல அமேசான்னு ஒரு ரூமுக்குப் பேர் வச்சிருக்கான். நம்ம வேலூர்லயே ஆற்காடு ரோடு இருக்கு. அதுல நின்னா ஆற்காடு வந்துட்ட மாதிரியா?

இதெல்லாம் மனசுல நிக்கலைன்னாலும் பரவால்ல. மெயில்ல இருந்து எங்கயும் போகாதீங்க. அதை மூடிட்டு ஆப்பைத் திறந்து 'உங்கள் ஆர்டர்கள்'ல பாருங்க. நெசமாவே அட்ரஸ்ல தகராறுன்னா அங்கயும் சொல்லும். நீங்க இப்பவே பாருங்க, என்ன காட்டுது?

காட்பாடி ராத்திரி ஷிப்ட்

அண்ணன் சொன்னது சரி. கம்ப்யூட்டர்ல ஜிமெயில் பாக்கறவங்களுக்கு ஒன்னு. மெயில் ஓரத்துல மூனு புள்ளியைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' போனா எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்னு மூனு வரி வரும், அனுப்பின அட்ரஸ் நெசமான்னு சோதிச்ச முடிவு அது. ஃபெயில்னு இருந்தா சந்தேகப்படுங்க. ஆனா பாஸ்னு இருந்தா நல்லவன்னு அர்த்தம் இல்லை. அந்த டொமைன்ல (அட்ரஸ்ல @-க்குப் பின்னாடி இருக்கற பேர்) இருந்துதான் வந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். திருடன் சொந்தமா டொமைன் வாங்கி ஒழுங்கா செட் பண்ணியிருந்தா அவனுக்கும் பாஸ்தான். எங்க டீம்லயே இதைத் தப்பாப் புரிஞ்சிக்கிட்டவங்க உண்டு.

சில பிரவுசர்ல சைட் அட்ரஸ் பக்கத்துல வர்ற பூட்டுப் படமும் அப்படித்தான். நடுவுல யாரும் ஒட்டுக் கேக்க முடியாதுங்கறதுக்கு அது. மறுமுனையில திருடன் உக்காந்திருந்தா, அவன்கிட்ட பத்திரமாப் போய்ச் சேரும்.

குடியாத்தம் லுங்கிக்காரன்

இன்னாக்கா, வாங்கறவங்களுக்கு மட்டும்தான் வருதுன்னு நெனச்சிக்கினு கீறீங்க! நாங்க லுங்கி விக்கறோம், எங்களுக்கு தினம் வருது. 'உங்க விற்பனைக் கணக்கை முடக்கிட்டோம், இங்க லாகின் பண்ணு'ன்னு. தீபாவளி ஆர்டர் நேரத்துல பாத்தா வவுறு கலங்கிடும். எங்கப்பா ஒரு தடவை பாஸ்வேர்டு போட்டுட்டாரு. அதே பாஸ்வேர்டுதான் மெயிலுக்கும். அன்னைக்கு ராத்திரி ஒக்காந்து எல்லாத்தையும் மாத்தினோம். அக்கா, நீங்க அந்தப் பக்கத்துல பாஸ்வேர்டும் போட்டு கீறீங்களான்னு யோசிச்சிப் பாருங்க.

இன்னொன்னு, 'ரிட்டர்ன் காசு வருது, இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணு'ம்பான். காசு வாங்கறதுக்கு யுபிஐ பின் எதுக்குக்கா? பின் கேட்டா நம்ம காசுதான் போகுது.

சத்துவாச்சாரி ஜெராக்ஸ்

லுங்கி தம்பி கரெக்டாப் புடிச்சார், பாஸ்வேர்டை நான் விட்டுட்டேன்.

காசு போனவங்க யாராவது படிச்சா: உடனே 1930-க்கு போன் போடுங்க, சைபர் மோசடிக்கான உதவி நம்பர் அது. நாளைக்குப் பாத்துக்கலாம்னு வேணாம். அவன் அந்தப் பணத்தை அடுத்தடுத்த கணக்குக்குத் தள்ளிக்கிட்டே இருப்பான், அதுக்குள்ள சொன்னாத்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்ல எழுதியும் குடுக்கலாம். காசு போகாதவங்களும் குடுக்கலாம்.

வாலாஜா அம்மா

எல்லாருக்கும் நன்றிங்க. பாஸ்வேர்டு போடலை, கார்டு மட்டும்தான். பிளாக் பண்ணியாச்சு, புது கார்டு தபால்ல வரும்னாங்க. வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன். அவர் ஒன்னும் திட்டலை, தனக்கும் அதே மாதிரி ஒன்னு வந்திருக்குன்னு போனைக் காட்டினார். அவர் எதுவுமே ஆர்டர் போடலை!

ஆப்ல பாத்தப்ப 'தாமதம், திங்கட்கிழமை வரும்'னு மட்டும்தான் இருந்துச்சு. அட்ரஸைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. திங்கட்கிழமை மத்தியானம் பார்சல் தம்பி போன் போட்டு, "அக்கா, பழைய நம்பரா புது நம்பரா? பிள்ளையார் கோயில் தாண்டி வரணுமா?"ன்னு கேட்டுட்டு வந்து குடுத்துட்டுப் போச்சு. அஞ்சு பைசா கேக்கலை. ஆனா ஜார் மூடிதான் சேரலை. ரிட்டர்ன் போடணும், ஆப்ல போய்த்தான்.