அமெரிக்க நிறவெறிக் காலத்தைக் கண்டவர்களுடன் உங்கள் சந்திப்புகள்: அனுபவப் பகிர்வு

செங்காந்தள்:

1963 செப்டம்பர் 15 அன்று அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில், பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை நிறவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஊரிலிருந்து வந்திருந்த என் பெற்றோருக்கு அந்தத் தேவாலயத்தைக் காட்டிவிட்டு வீடு திரும்பிய மாலையில், பக்கத்து வீட்டு வெள்ளையினப் பெரியவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்கே போய் வந்தீர்கள் என்று வழக்கம்போல் விசாரித்தவர், என் பதிலைக் கேட்டதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அன்று தமக்கு ஒன்பது வயது என்றும், குண்டு வெடித்த செய்தி வந்த பின்னரே வீட்டில் மதிய உணவுக்கு அமர்ந்தார்கள் என்றும், தாயார் பொரித்த கோழியை மேசையில் வைக்க, தந்தையார் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லும் அதே ஜெபத்தை ஒரு சொல்லும் கூட்டாமல் சொல்லி முடித்தார் என்றும் சொன்னார். "அந்தப் பிள்ளைகளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை, அதற்குப் பிறகும் திறக்கவில்லை" என்றார். குழாய்த் தண்ணீர் அவருடைய காலணிகளின் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அன்று இறந்த சிறுமிகளில் ஏடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் ஆகிய மூவருக்கும் அப்போது 14 வயது. டெனிஸ் மெக்நேருக்கு 11. பெரியவர் டெனிஸைவிட இரண்டே வயது இளையவர். அவர் என்னிடம் தம் மனச்சுமையை இறக்கி வைத்தாரா, அல்லது வெறும் தகவலைத்தான் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கருவேலம்:

செங்காந்தள் அவர்களே, ஒன்பது வயதுச் சிறுவனிடம் நாம் எதை எதிர்பார்க்க முடியும்? அவரை இந்த வயதில் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

என்னை உறுத்துவது மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் உள்ள, கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் வாழ்ந்த வீடு. 1963 ஜூன் 12 அன்று, நள்ளிரவு தாண்டி வீடு திரும்பிய அவரை, கார் நிறுத்துமிடத்தில் வைத்து முதுகில் சுட்டுக் கொன்றார்கள். அந்த வீட்டுக்கு முன்வாசல் கிடையாது. தெருவிலிருந்து யாரும் குறிபார்க்கக் கூடாது என்பதற்காகப் பக்கவாட்டில் மட்டுமே கதவு வைத்திருக்கிறார்கள். அதே தெருவில் வளர்ந்த கறுப்பினப் பெரியவர் ஒருவர் எங்களுடன் நடந்து வந்து, எவர்ஸ் உடலைத் துளைத்த தோட்டா சன்னலையும் உட்சுவரையும் தாண்டிச் சமையலறைக்குள் போன வழியை விரலால் காற்றில் கோடிட்டுக் காட்டினார். வெடிச் சத்தம் கேட்டால் தரையில் படுத்து, குளியலறைத் தொட்டிவரை ஊர்ந்து போக வேண்டும் என்று எவர்ஸ் தம் பிள்ளைகளைப் பழக்கியிருந்தார். அதைக் கேட்ட என் மகன், "இவ்வளவு பயம் இருந்திருந்தால் போலீசில் சொல்லியிருக்கலாமே?" என்றான். பெரியவர் அவனைக் கோபமின்றிப் பார்த்து, "எந்தப் போலீசிடம், தம்பி?" என்று திருப்பிக் கேட்டார்.

அதற்கு என்னிடமும் பதில் இல்லை. வெள்ளை நிறவெறியனான கொலையாளி பைரன் டி லா பெக்வித் மீதான வழக்கு 1964இல் இரண்டு முறை நடந்து, இரண்டு முறையும் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வராமலேயே கலைந்தது. நீதிமன்றத்துக்கே வந்து அவன் கையைக் குலுக்கிவிட்டுப் போனவர் மிசிசிப்பியின் முன்னாள் ஆளுநர் ராஸ் பார்னெட். தண்டனை கிடைத்தது 1994இல்.

ஆழிக்கரை:

கருவேலம் அவர்களுடைய முதல் பத்தியோடு எனக்கு உடன்பாடு இல்லை. சிறுவனைக் கூண்டில் ஏற்றுங்கள் என்று யாரும் சொல்லவில்லை; கேள்வி அந்த உணவு மேசையைப் பற்றியது. அதே ஞாயிறன்று அதே பர்மிங்காமில் அண்ணனின் சைக்கிள் முன்பக்கம் அமர்ந்து போய்க்கொண்டிருந்த 13 வயது வர்ஜில் வேரைச் சுட்டுக் கொன்றவன் 16 வயது வெள்ளையின மாணவன்; உடன் இருந்தவனும் அதே வயது மாணவன். அவர்களுடைய சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டார்கள். ஜானி ராபின்சன் என்ற 16 வயதுப் பையனைப் பின்னாலிருந்து சுட்டது போலீஸ். பிள்ளைகள் எதைக் கேட்டு வளர்ந்தார்கள், எதைக் கேட்காமல் வளர்ந்தார்கள் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு இந்த மரணங்களைப் பேச முடியாது. மறுநாளே, இந்தக் குற்றத்தில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு என்று வெள்ளையின வணிகர்களின் கூட்டத்தில் எழுந்து சொன்ன சார்லஸ் மார்கன் என்ற வெள்ளையின வழக்கறிஞர் மிரட்டல்களால் ஊரைவிட்டே போக நேர்ந்தது. வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பது பெரியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

சட்டமும் மௌனமாகத்தான் இருந்தது. தேவாலயக் குண்டுவெடிப்பில் நால்வர் மீது சந்தேகம் இருப்பது 1965க்குள் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்குத் தெரியும். வழக்குத் தொடுக்க விடாமல் தடுத்தவர் அதன் இயக்குநர் ஹூவர். ராபர்ட் சேம்ப்ளிஸ் 1977இல் தண்டிக்கப்பட்டான். மற்ற இருவர் 2001, 2002 ஆண்டுகளில். நான்காமவன் குற்றச்சாட்டே பதிவாகாமல் 1994இல் செத்துப்போனான்.

என் அனுபவம் சிறியது. தேவாலயத்துக்கு எதிரே கெல்லி இங்ரம் பூங்காவில், நடைபாதையின் இருபுறமும் பாய்ந்து வரும் போலீஸ் நாய்களின் சிலைகள் இருக்கின்றன. 1963 மே மாதம் நிறப்பாகுபாட்டை எதிர்த்து நடந்த, போலீஸ் நாய்களை ஏவிய சிறுவர் ஊர்வலத்தில் கைதான அம்மையார் ஒருவர், பேரப்பிள்ளைகளை அந்த நாய்களுக்கு நடுவே போகச் சொல்லிவிட்டு, தாம் மட்டும் புல்தரையில் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து சேர்ந்தார்.

வெண்கொக்கு:

என் மருத்துவமனையில் தன்னார்வலராக வரும் ஓய்வுபெற்ற கறுப்பினச் செவிலியர் ஒருவர் அலபாமாவின் செல்மா ஊர்க்காரர். 1965 மார்ச் 7 அன்று கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கேட்டு அங்குள்ள எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்த சுமார் 600 பேரில் அவரும் இருந்திருக்கிறார். பாலம் நடுவில் உயர்ந்திருப்பதால், உச்சிக்கு வரும்வரை எதிர்ப்பக்கம் காத்திருக்கும் காவலர் வரிசை கண்ணுக்குத் தெரியாது. தடியடியையோ கண்ணீர்ப் புகையையோ அவர் அதிகம் சொல்வதில்லை. தம்மைத் துரத்திய குதிரையின் சூடான மூச்சு பிடரியில் பட்டதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

ஒருநாள் உணவு இடைவேளையில், "உங்கள் மக்கள் எப்போது இங்கே வரத் தொடங்கினார்கள்?" என்று கேட்டார். எழுபதுகளில்தான் அதிகம் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, "அப்படியானால் நாங்கள் பாலம் ஏறிய பிறகுதான்" என்றார். உண்மைதான், இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்றிருந்த ஒதுக்கீட்டு முறையை மாற்றிய குடியேற்றச் சட்டம் கையெழுத்தானது 1965 அக்டோபர் 3 அன்று, கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டத்துக்கு இரண்டு மாதம் கழித்து. நம் விழா மேடைகளில் முதல் தலைமுறையின் உழைப்பை மட்டும் பாராட்டிவிட்டு இறங்கிவிடுகிறோம் என்பது எனக்கு அப்போது சுருக்கென்று தைத்தது.

மழைக்குருவி:

1955இல் மிசிசிப்பியில் கடத்திக் கொல்லப்பட்ட 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மட் டில் உடல் எடுக்கப்பட்ட டல்லஹாச்சி ஆற்றங்கரையில் உள்ள நினைவுப் பலகையை நான் பார்த்தேன். முந்தைய பலகைகளைத் துப்பாக்கியால் சல்லடையாக்கிவிட்டதால் 2019இல் குண்டு துளைக்காத பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே நின்ற கறுப்பின இளைஞர் ஒருவர், தம் தந்தை சொன்னபடி கார் எஞ்சினை அணைக்காமலேயே இறங்கி வந்ததாகச் சொன்னார். அதற்குமேல் என் அனுபவம் ஒன்றுமில்லை.

கருவேலம் தம்பிக்கு ஒரு யோசனை. பிள்ளைகளை மிசிசிப்பி டெல்டாவுக்கு அழைத்துச் செல்வதானால், மனி என்ற ஊரில் இடிந்து கிடக்கும் மளிகைக் கடையிலிருந்து தொடங்காதீர்கள். அந்தக் கடையில் வெள்ளையினப் பெண்ணிடம் எம்மட் அத்துமீறினான் என்ற, கொன்றவர்களின் பொய்தான் அங்கே முதலில் காதில் விழும். கொலை வழக்கு நடந்த சம்னர் நீதிமன்றத்துக்கு முதலில் போங்கள். 1955 செப்டம்பரில் எம்மட்டின் உறவினர் மோசஸ் ரைட், வெள்ளையர் நிறைந்த அந்தக் கூடத்தில் எழுந்து நின்று, பையனை இழுத்துச் சென்றவர்களைக் கைநீட்டிக் காட்டினார். பன்னிரண்டு வெள்ளையின ஆண்கள் அடங்கிய ஜூரி 67 நிமிடத்தில் இருவரையும் விடுவித்தது. சில மாதங்களில், இனித் தண்டிக்க முடியாது என்ற துணிவில், அவர்களே பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகைக்குக் கொலையை ஒப்புக்கொண்டார்கள். சாட்சி சொன்ன முதியவர்தான் ஊரைவிட்டுச் சிகாகோவுக்குப் போக வேண்டியிருந்தது. இதையெல்லாம் கூடத்துக்குள் நின்றபடியே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், வெளியே காரில் வைத்துச் சொல்லாதீர்கள். சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்ன தாயார் மேமி டில் பற்றிச் சொல்லுங்கள். ஆனால் ஜெட் இதழில் வந்த, சிதைந்த உடலின் படத்தை, பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அவர்களாகக் கேட்டாலொழியக் காட்ட வேண்டாம். அப்பெட்டி இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சம்னரில் கட்டடம் திறந்திருக்குமா என்பதை முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.