சின்ன கம்பெனி ரெக்கார்டு: பூட்டி வைக்கறதா, போட்டுக் கேக்கறதா?

கொருக்குப்பேட்டை கிராமபோன்:
போன ஞாயித்துக்கிழமை வண்ணாரப்பேட்டைல ஒரு காயலான் கடைல பதினோரு 78 ஆர்பிஎம் பிளேட்டு (நிமிஷத்துக்கு 78 சுத்து ஓடற பழைய கிராமபோன் ரெக்கார்டு) கிடைச்சுது, ரேடியோ செட் வாடகைக்கு விட்டவங்க வீட்ல இருந்து வந்ததாம். ஒம்போது பெரிய கம்பெனியான எச்எம்வி. மீதி ரெண்டு நான் பார்த்தே இராத லேபிள், டிராமா பாட்டு, கம்பெனி பேரே பாதி அழிஞ்சு கிடக்கு. பதிவு பண்ணி நெட்ல எல்லாருக்கும் போடப் போறேன்.

பெரம்பூர் பெரியவர்:
தம்பி, அவசரப்படாத. எச்எம்வி தட்டு உடைஞ்சா இன்னொண்ணு எங்கயாவது இருக்கும், சின்ன கம்பெனி தட்டு அப்படி இல்ல. டேப் வர்றதுக்கு முன்னாடி மெழுகுல வெட்டி அதுல இருந்து உலோக அச்சு எடுத்துதான் தட்டு அடிச்சாங்க, கம்பெனி மூடினா அந்த அச்சு இரும்பு விலைக்குப் போயிருக்கும், அப்ப உன் கைல இருக்கறதுதான் மாஸ்டர், அதாவது மூலப்பிரதி. கிராமபோன்ல ஊசி மாட்டற சவுண்ட் பாக்ஸே நூறு கிராமுக்கு மேல அழுத்தும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பாட்டு தூளாப் போகுது. என்கிட்ட இருக்கற அரிய தட்டுங்கள நானே ரெண்டு தடவைக்கு மேல கேட்டதில்ல.

கொருக்குப்பேட்டை கிராமபோன்:
அப்ப யாருக்காக ஐயா சேர்க்கறீங்க? அரக்குத் தட்டு, கைதவறினா முடிஞ்சுது. 2023 டிசம்பர் மிக்ஜாம் தண்ணில எங்க வீட்ல எல்பி (பின்னாடி வந்த பிளாஸ்டிக் ரெக்கார்டு) கவர் மொத்தமும் கூழாச்சு. 1985ல மூர் மார்க்கெட் எரிஞ்சப்ப எத்தனை ரெக்கார்டு போச்சுன்னு இன்னிக்கு யாராவது சொல்ல முடியுமா? பூட்டி வெச்ச பாட்டு பூட்டுக்குள்ளயே செத்துடும். நான் கிராமபோன்ல வெக்கல, ஊசி லேசா அழுத்தற கரண்ட் டர்ன்டேபிள்லதான் ஓட்டப்போறேன்.

ராயபுரம் ஆர்மோனியம்:
பாட்ட மட்டும் ஏத்தாதீங்க ப்ளீஸ். லேபிள் போட்டோ, நடு வட்டத்துகிட்ட பொறிச்சிருக்கற மேட்ரிக்ஸ் நம்பர் (எந்தப் பதிவுன்னு அடையாளம் காட்டற கம்பெனி நம்பர்) ரெண்டும் வேணும். மெய்யப்பன் 1932ல ஆரம்பிச்ச சரஸ்வதி ஸ்டோர்ஸ் வெளியிட்ட ஓடியன் லேபிள் தட்டுங்கள பத்தி பேச முடியுதுன்னா காரணம் அவரு பின்னாடி ஏவிஎம் ஆனாரு. மத்த சின்ன முதலாளிங்களுக்கு அந்த லேபிள் தாள விட்டா வேற சாட்சியே இல்ல.

பெரம்பூர் பெரியவர்:
அதத்தான் சொல்றேன்மா. நெட்ல போட்டா மறுநாளே எவனாவது தன் பேர குத்தி வித்துடறான். எனக்கே நடந்திருக்கு, ரொம்ப வலிச்சுது.

கொருக்குப்பேட்டை கிராமபோன்:
ஒலிப்பதிவு உரிமை வெளியான அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷம்தான், பாட்டெழுதினவர் உரிமை தனி, அத விசாரிச்சுட்டுதான் போடுவேன். எவனோ திருடுவான்னு பயந்து, தாத்தா காலத்துல எங்க தெருவுல ஒலிச்ச குரல எங்க தெரு புள்ளைங்களுக்கே கேக்காம பண்ணலாமா?

பெரம்பூர் பெரியவர்:
சரி. எல்பி ஊசில மட்டும் ஓட்டாத, அந்தப் பள்ளத்துக்கு அது ரொம்ப மெலிசு, அடில கிடக்கற அழுக்குதான் கேக்கும். என்கிட்ட 78 தட்டுக்குன்னே இருக்கற தடிச்ச 3 மில் ஊசி இருக்கு, எடுத்துட்டு வரேன். ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுடாத, அரக்கு கரைஞ்சிடும். ஒரே தடவை ஓட்டுவோம். நெட்ல போடறதுக்கு எனக்கு இன்னும் சம்மதம் இல்ல.